பெயரை மூடிய தாள்

சர்வகலாசாலைப் பரீட்சையின் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு வாரமேனும் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு, மாணவனுடைய பதிவெண் எழுதிய முகப்புத் துண்டு கிழிக்கப்பட்டு, அதற்குப் பதிலாக ‘டம்மி நம்பர்’ என்று எல்லாரும் அழைக்கும் வேறோர் எண் இடப்பட்டு, இன்னாருடையது என்று தெரியாத கட்டாக அந்தத் தாள்கள் மேஜைமீது வந்து விழும் காட்சி பழகிப்போன ஒன்று. பழகிப்போன காரணத்தாலேயே அதன் விசித்திரம் கண்ணில் படுவதில்லை. திருத்துகிறவர் கற்றறிந்தவர், பெரும்பாலும் நேர்மையானவர், சத்தியம் செய்யச் சொன்னால் கூசாமல் செய்யக்கூடியவர்; அப்படிப்பட்டவர் கையில் தாளைக் கொடுக்குமுன் அதன் பெயரை மறைத்துத்தான் கொடுக்கிறார்கள். உமது நேர்மையில் எமக்கு ஐயமில்லை, ஆனால் உமது மனத்தை நீரே முழுவதும் அறியமாட்டீர் என்று அந்தக் கிழிந்த ஓரம் சொல்லாமல் சொல்லுகிறது. நானும் அந்த மேஜையில் உட்கார்ந்தவன்தான். பெயரே இல்லாத தாளிலுங்கூட, எழுத்து முத்து முத்தாக அமைந்துவிட்டால், விஷயத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே கை தாராளமாகிவிடுவதை எத்தனையோ முறை உணர்ந்து, வெட்கப்பட்டு, மறுபடி முதலிலிருந்து படித்திருக்கிறேன்.

இந்தத் தாராளத்துக்கு மனோதத்துவ சாஸ்திரிகள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 1920-இல் அமெரிக்கரான எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தம் கீழிருந்தவர்களுக்கு உடற்கட்டு, புத்தி, தலைமைத் திறம், ஒழுக்கம் என்று தனித்தனியே இட்ட மதிப்புகளை ஆராய்ந்தபோது, அவை தனித்தனியாக நிற்காமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஏறுவதையும் இறங்குவதையும் கண்டார். ஆள் ஓங்கி வளர்ந்தவனாக இருந்தால் அவனுடைய அறிவும் ஓங்கித் தெரிந்தது. ஒன்றில் கண்ட ஒளி மற்றவற்றின்மேலும் படிகிறது என்ற பொருளில் அதை ஒளிவட்டம் என்றார்கள். மூளைக்கு அவசரம் அதிகம். அறியாததை எடைபோட வேண்டிய இடத்தில் அறிந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சு, நம் குலத்துப் பெயர், நம் பள்ளிக்கூடத்துச் சாயல் ஆகியவற்றைத் தகுதி என்றே எண்ணித் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. இதில் துர்ப்புத்தி என்பது கொஞ்சமும் வேண்டியதில்லை. இதெல்லாம் நம் காலத்து ஆராய்ச்சி. ஆனால் இந்த ஆராய்ச்சிக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, மூளையைப் பற்றி ஒன்றும் அறியாத சீன தேசத்து அதிகாரிகள், தம் மனத்தின் இந்த வழுக்கலை அறிந்து அதற்குத் தடுப்பும் செய்து வைத்தார்கள்.

அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் வழக்கம் அந்நாட்டில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முளைத்து, தாங் வம்சத்து அரசர் காலத்தில் வேர் விட்டது. ஆனால் அக்காலத்துப் பரீட்சையில் தாளைவிடப் பெயரே பெரிது. பரீட்சைக்கு வரும் வாலிபன், சில மாதங்கள் முன்னதாகவே தலைநகரமாகிய சாங்கானுக்கு வந்து, தான் எழுதிய கவிதைகளையும் வசனங்களையும் அழகான சுருள்களாக எழுதிப் பெரிய மனிதர்களின் வாசலில் கொண்டுபோய்ச் சமர்ப்பிப்பான். அவர்கள் வாயிலாகப் புகழ் பரவி, பரீட்சாதிகாரியின் காதுக்குப் பெயர் எட்டியிருக்க வேண்டும். பை ஜூயி என்னும் மகாகவி இளைஞனாக இருந்தபோது கூ குவாங் என்ற பெரியவரிடம் இப்படிப் போனதாக ஒரு கதை உண்டு. ஜூயி என்ற பெயருக்கு ‘எளிதாக வசிப்பது’ என்று பொருள் கொள்ளலாம். பெயரைப் பார்த்ததும் பெரியவர், இந்தப் பட்டணத்தில் அரிசி விற்கிற விலைக்கு எளிதாக வசிப்பது எங்கே என்று கேலி செய்தாராம். பிறகு சுருளைப் பிரித்துக் கவிதையைப் படித்துவிட்டு, இப்படி எழுதுகிறவனுக்கு எங்கும் வாசம் எளிதே என்று சொல்லைத் திருப்பிக்கொண்டாராம். கதை மெய்யோ பொய்யோ, முதல் அபிப்பிராயம் பெயரின்மீது எழுந்தது, இரண்டாவது அபிப்பிராயம் எழுத்தின்மீது எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது அபிப்பிராயத்துக்குச் சாவகாசம் கிடைக்காமல் திரும்பிப்போனவர்களைப் பற்றிக் கதைகள் இல்லை.

தூ மூ என்ற மற்றொரு கவியின் விஷயம் இன்னும் வெளிப்படையானது. 828-ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு அதிகாரியாக நியமனம் பெற்ற சுயி யான் புறப்படுவதற்கு முன்பே, ஊ ஊலிங் என்னும் பண்டிதர் அவரிடம் வந்து, தூ மூ எழுதிய அரண்மனை வர்ணனை ஒன்றை வாய்விட்டுப் படித்துக் காட்டி, இவனுக்கு முதல் ஸ்தானம் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். முதல் ஸ்தானம் முன்பே ஒருவருக்குப் போய்விட்டது என்றார் அதிகாரி. அப்படியானால் ஐந்தாவதாவது கொடும் என்றார் பண்டிதர், கொடுத்தாயிற்று. பரீட்சையோ இன்னும் நடக்கவில்லை! இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால் தூ மூ உண்மையிலேயே பெருங்கவி என்பதும், பண்டிதர் கைக்கூலி வாங்கவில்லை என்பதும், தகுதியுள்ளவனைத் தூக்கிவிடுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடேயே இது நடந்தது என்பதும் நகைப்பைக் கொஞ்சம் அடக்கும். நல்லவர்களுடைய பக்ஷபாதந்தான் களைவதற்குக் கடினமானது.

பெயரின்மேல் காகிதம் ஒட்டும் யோசனை தாங் காலத்திலேயே ஊ ஸெட்டியன் என்னும் சக்ரவர்த்தினிக்குத் தோன்றியதுண்டு. சிங்காதனத்தில் பட்டத்து அரசியாகவே ஏறி உட்கார்ந்த அந்த ஒரே ஸ்திரீக்கு, பழங்குடிப் பிரபுக்களின் பெயர்களைக் காதால் கேட்டுக் கேட்டு அலுத்திருக்க வேண்டும். ஆனால் அது நிலைக்கவில்லை. 960-இல் ஏற்பட்ட ஸோங் வம்சந்தான் அதைச் சட்டமாக்கியது. புதிய அரசர்களுக்கு நியாயத்தின்மேல் இருந்த பற்று ஒரு பங்கு என்றால், தேர்ந்தவன் பரீட்சாதிகாரிக்கு நன்றி பாராட்டாமல் அரசனுக்கே நன்றி பாராட்டவேண்டும் என்ற ராஜதந்திரம் இன்னொரு பங்கு. பரீட்சாதிகாரியைக் குரு என்றும் தன்னைச் சீடன் என்றும் சொல்லிக்கொள்ளலாகாது என்று 962-இலேயே கட்டளை பிறந்தது. 992-இல் அரண்மனைப் பரீட்சையில் எழுதியவனுடைய பெயர், ஊர், மூன்று தலைமுறை வம்சாவளி ஆகியவை அடங்கிய பகுதியை மடித்து ஒட்டினார்கள். 1007-இல் அந்த விதி தலைநகரத்துப் பெரும் பரீட்சைக்கும், 1033-இல் மாகாணப் பரீட்சைகளுக்கும் பரவியது. இது போதவில்லை. பெயர் மறைந்தால் கையெழுத்து காட்டிக்கொடுத்தது. ஆகவே 1015-இல் பிரதி எடுக்கும் காரியாலயம் ஒன்றை ஸ்தாபித்து, ஒவ்வொரு தாளையும் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வேறு கையால் எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, பிரதியை மட்டும் அதிகாரிகளிடம் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்கள் மணிக்கணக்காக எழுதியதை மறுபடி ஒருமுறை எழுதுவது என்றால் எத்தனை மையும் எத்தனை விரல்வலியும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ராஜ்யம் தன் பண்டிதர்களின் கண்ணை நம்பாமல் இருப்பதற்குக் கொடுத்த விலை அது. பரீட்சாதிகாரிகளையோ, நியமனமான கணத்திலிருந்து முடிவு வெளியாகும் வரை வீட்டுக்குப் போகவிடாமல் உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

1057-ஆம் ஆண்டில் அப்படிப் பூட்டப்பட்டவர்களின் தலைவர் ஔயாங் சியூ. சரித்திரம், கவிதை, வசனம் மூன்றிலும் தம் காலத்தில் இணையற்றவர். ஆறு பேர் ஐம்பது நாள் உள்ளே இருந்தார்கள். பொழுது போகாமல் ஒருவருக்கொருவர் பாடல் எழுதி அனுப்பிக்கொண்டதில் நூற்றெழுபதுக்கு மேல் சேர்ந்து மூன்று ஏடுகள் ஆயின என்று அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஐம்பது நாளில் ஒரு நாள், உடனிருந்த மெய் யாவ்சென் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து காட்டினார். தண்டனையிலும் வெகுமதியிலும் அரசன் காட்டவேண்டிய பெருந்தன்மையைப் பற்றியது. ஔயாங் சியூ படித்தார். முதல் ஸ்தானத்துக்குரியது என்று கண்டார். கண்ட மறுகணமே, இவ்வளவு நன்றாக எழுதக்கூடியவன் என் மாணவனாகிய ஸெங் கோங்கைத் தவிர வேறு யார் என்ற எண்ணம் எழுந்தது. தம் மாணவனுக்கே முதலிடம் கொடுத்தார் என்ற பழிக்கு அஞ்சி அதை இரண்டாவதாக வைத்தார். ஒட்டிய காகிதத்தைப் பிரித்தபோது உள்ளே இருந்த பெயர் சூ ஷி. மேற்கே தொலைவிலுள்ள ஸிசுவானிலிருந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த இருபது வயது இளைஞன், பின்னாளில் சீன இலக்கியத்தின் பெரும்புகழ்களில் ஒன்றாகப்போகிறவன். மூடிய தாளின்மேலும் மனம் ஒரு பெயரை எழுதிக்கொண்டது, எழுதிய பெயரைக் கண்டு தானே அஞ்சியது, அந்த அச்சத்தால் ஒருவனுக்குரியது குறைந்தது. ஓரவஞ்சனைக்கு அஞ்சிச் செய்வதும் ஓரவஞ்சனையாக முடியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

அதே பரீட்சையில் இன்னொரு தாளும் அவர் கையில் வந்தது. அந்நாளில் மாணவர்களிடையே பரவியிருந்த முரட்டு விசித்திர நடையை அவர் வெறுத்தார். அந்த நடையில் பேர்போன லியூ ஜீ என்பவனுடையதுதான் இது என்று நடையைக்கொண்டே தீர்மானித்து, சிவப்பு மைத் தூரிகையால் தாளின் தலையிலிருந்து கால்வரை ஒரே தீற்றாகத் தீற்றித் தள்ளினார். அனுமானம் சரியாகவே இருந்தது. முடிவு வெளியானதும், தோற்றவர்கள் தெருவில் அவருடைய குதிரையை மறித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1059-இல் அரண்மனைப் பரீட்சைக்கு அவரே மறுபடி அதிகாரியாக வந்தபோது, லியூ ஜீ இந்தக் கூட்டத்தில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவனுடையது என்று தோன்றிய தாளைத் தேடிப் பிடித்து ஒதுக்கினார். பிரித்துப் பார்த்தால் அது வேறு யாரோ ஒருவனுடையது. பிறகு ஒரு கட்டுரை அவர் மனத்தை அள்ளிக்கொண்டது. அதற்கு முதலிடம் கொடுத்தார். பிரித்தபோது லியூ ஹுயி என்றிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அருகில் வந்து, இவன்தான் லியூ ஜீ, பெயரை மாற்றிக்கொண்டான் என்றார். ஷென் குவோ என்ற சமகாலத்து அறிஞர் இதை எழுதி வைத்திருக்கிறார். நடையையும் மாற்றிக்கொண்ட மாணவனின் சாமர்த்தியத்தை மெச்சுவதா, வெறுத்த மனிதனுக்கே தம் கையால் முடிசூட்ட நேர்ந்த பெரியவரை எண்ணி நகைப்பதா என்று தெரியவில்லை. எனக்கென்னவோ, ஒட்டிய காகிதம் தன் வேலையை முழுமையாகச் செய்தது அந்த ஒரு கணத்தில்தான் என்று தோன்றுகிறது.

எல்லாரும் இந்த ஏற்பாட்டை மெச்சினார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 1040-களில் ராஜ்யச் சீர்திருத்தத்துக்கு முனைந்த ஃபான் ஜோங்யான், மாகாணப் பரீட்சைகளிலாவது பெயர் மூடுவதை நிறுத்தவேண்டும் என்று கோரினார். பெயரை மூடும்போது ஒழுக்கமும் சேர்ந்து மூடப்படுகிறதே, அயலார் அறிந்த நடத்தை ஒன்றும் தெரியாமல் வெறும் சொல்வன்மையைக்கொண்டு ஆளும் தகுதியை எப்படி நிர்ணயிப்பது என்பது அவர் கேள்வி. அற்பமான கேள்வி அல்ல. ஆனால் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்ல வருகிறவர்கள் யாருடைய உறவினர்கள் என்ற எதிர்க்கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. மூடும் வழக்கமே நிலைத்தது.

இதைவிடக் கடினமான கேள்வியை 1064-இல் ஸிமா குவாங் என்னும் அதிகாரி எழுப்பினார். நடந்து முடிந்த சில பரீட்சைகளின் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, தலைநகரமாகிய காய்ஃபெங்கிலிருந்தும் கல்விச் செழிப்புள்ள தென்கிழக்கிலிருந்தும் கூட்டமாகத் தேர்கிறார்கள், வடமேற்கு மாகாணங்களிலிருந்து ஒருவரும் தேறாத ஆண்டுகள் உண்டு, எனவே மாகாணந்தோறும் பத்துக்கு ஒருவர் வீதம் எடுக்கவேண்டும் என்றார். மறுத்து எழுதியவர் நம் ஔயாங் சியூதான். ஊரைப் பாராமல் எழுத்தை மட்டும் பார்ப்பதன்றோ மூடிய தாளின் பெருமை, அதில் விகிதாசாரத்தைப் புகுத்தினால் கட்டிய சுவரை நாமே இடிப்பதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் தென்பிரதேசத்துக் குடும்பத்தவர், ஸிமா குவாங் வடக்கத்தியர் என்பதையும் சரித்திரக்காரர்கள் குறிக்கத் தவறுவதில்லை. இருவரும் மகா நேர்மையாளர்கள், இருவர் கண்ணுக்கும் தத்தம் திசையின் நியாயமே பளிச்சென்று தெரிந்தது. அன்று ஔயாங் சியூவின் பக்ஷமே வென்றது.

தோற்ற வாதம் மிங் வம்சத்துக் காலத்தில் ரத்தத்தோடு திரும்பி வந்தது. 1397-ஆம் ஆண்டுப் பரீட்சையில், வழக்கப்படி பெயர் மூடி, பிரதி எடுத்துத் திருத்திய பிறகு, தேறிய ஐம்பதுக்கு மேற்பட்டவர்களும் ஒருவர் விடாமல் தென்னாட்டாராக இருந்தார்கள். வடநாட்டு மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுபரிசீலனை செய்யப் போன அதிகாரிகள் வடக்குத் தாள்கள் தரங்குறைந்தவையே என்று வந்து சொன்னதும் சக்ரவர்த்தியின் கோபம் எல்லை மீறியது. அதிகாரிகள் சிலர் கொல்லப்பட்டார்கள், தலைமை அதிகாரியாகிய கிழவர் லியூ ஸான்வூ நாடுகடத்தப்பட்டார், மறுபரீட்சையில் அறுபத்தொரு பேர் தேறினார்கள், அறுபத்தொருவரும் வடநாட்டார். அதிகாரிகள் வஞ்சித்ததாக நான் நம்பவில்லை. யுத்தங்களால் பல தலைமுறை சிதைந்துபோன வடக்கில் பள்ளியும் இல்லை, புத்தகமும் இல்லை. தாளின் பெயரை மூடலாம், தாளுக்குப் பின்னால் இருக்கும் வறட்சியை மூட முடியாது. முப்பது ஆண்டுகள் சென்று, 1427-இல் நூற்றுக்கு ஐம்பத்தைந்து தெற்குக்கு, முப்பத்தைந்து வடக்குக்கு, பத்து நடுப்பிரதேசத்துக்கு என்று பங்கு வகுத்து, தாளை மூடுவதையும் விடாமல், இரண்டையும் சேர்த்தே நடத்தினார்கள்.

வாசலுக்குள் நுழைந்தவர்களின் வழக்கு இது. நுழையவே முடியாதவர்களின் கணக்கு வேறு. பெண்களுக்கு அங்கே எந்தக் காலத்திலும் ஆசனம் இல்லை. கூத்தாடிகளின் பிள்ளைகள், அடிமைகள், கச்சேரிச் சேவகர்களின் மக்கள் ஆகியோர் இழிகுலத்தார் என்று விலக்கப்பட்டார்கள். 1723-இல் ஒரு சக்ரவர்த்தி அவர்களில் சில கூட்டத்தாரை விடுவித்தும், 1771-இல் வந்த விதி, நான்காவது தலைமுறைக்குத்தான் பரீட்சை எழுதும் உரிமை என்றது. அதாவது கொள்ளுப்பேரன் எழுதலாம். 1905-இல் அந்தப் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் கண்ணைக் கட்டித் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. சீனத்தில் தாளை ஒட்டத் தொடங்குவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உத்தரமேரூர்க் கோயில் சுவரில் அது கல்வெட்டாக ஏறிவிட்டது. முதற் பராந்தக சோழனுடைய 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்களின்படி, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்வதற்காக, குடும்பு எனப்பட்ட முப்பது வட்டாரங்களுக்கும் தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை முழுவதும் பார்க்க, விவரமறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்வார்கள். எடுத்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தவேண்டும். அந்த ஐந்து விரலை எழுதிவைத்தவனுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் குடத்துக்குள் போகும் ஓலை யாருடையது? கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேதத்தில் பயிற்சியும் உள்ளவனுடையது. சிறுவனின் கைக்குப் பக்ஷபாதம் இல்லை, குடத்துக்கு இருந்தது.

ஆங்கிலேயர் 1855-இல் இந்திய சிவில் சர்வீஸைப் போட்டிப் பரீட்சைக்குத் திறந்துவிட்டபோதும் இதே கதைதான். அதுவரை கிழக்கிந்தியக் கம்பெனி டைரெக்டர்களின் சிபாரிசில் போன உத்தியோகம் இனி எவருக்கும் உரியது என்றார்கள். பரீட்சை மட்டும் லண்டனில். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் எழுநூற்றைம்பது மார்க், சம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் அதில் பாதி. 1863-இல் சத்தியேந்திரநாத் தாகூர் கடல் கடந்து சென்று தேறினார்; மேல்வயது வரம்போ இருபத்துமூன்றிலிருந்து படிப்படியாக இறங்கி 1878-இல் பத்தொன்பது ஆயிற்று. இந்தியாவிலேயே அந்தப் பரீட்சையை எழுத 1922 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காகிதம் மூடியது பெயரை; சங்கீத உலகில் ஆளையே மூடினார்கள். பாஸ்டன் நகரத்து சிம்பொனி வாத்திய கோஷ்டி 1952-இல் வித்துவான்களைத் தேர்ந்தெடுக்கும்போது திரை கட்டத் தொடங்கியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் பெரிய கோஷ்டிகள் பல அதைப் பின்பற்றின. திரை கட்டிய பிறகுதான் குதிகால் செருப்பின் ஓசை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து, மேடையில் கம்பளம் விரித்தார்கள். அந்நாட்டின் தலைசிறந்த ஐந்து கோஷ்டிகளில் 1970-இல் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்த பெண்கள், 1990-களின் இறுதியில் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனார்கள். இதில் திரையின் பங்கு எவ்வளவு என்பதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்களிடையே இன்றும் வாதம் உண்டு.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துப் ஃபில்ஹார்மோனிக் கோஷ்டி 1980-இல் தலைமை டிராம்போன் வித்துவானைத் தேடியபோது, போட்டியாளர்களில் ஒருவர் தெரிந்தவருடைய பிள்ளை என்ற சங்கடத்தால் முதல் சுற்றுக்குத் திரை கட்டியது. முப்பத்துமூன்று பேரில் பதினாறாவதாக வாசித்தவரைக் கேட்டதும், இவரே வேண்டும் என்று தீர்மானித்து, எஞ்சியிருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தவர் ஆபி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. அவருக்குப் போன அழைப்புக் கடிதத்தில் ‘ஐயா’ என்று எழுதியிருந்தது. அடுத்த சுற்றுகளிலும் அவரே தேறினார், ஸ்தானமும் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், தலைமை நடத்துநர் ஸெர்ஜியு செலிபிடாகி அவரை இரண்டாம் டிராம்போனுக்கு இறக்கினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. அந்த வாத்தியத்துக்கு வேண்டிய உடல்வலிமை அவருக்கு இல்லை என்ற வாதத்தை மறுப்பதற்காக, அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் நுரையீரலின் கொள்ளளவைச் சோதித்து, எவ்வளவு காற்றை இழுக்கிறார், எவ்வளவு வேகத்தில் விடுகிறார் என்று கணக்கெழுதி வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். ஸ்தானத்தைத் திரும்பப் பெற்ற பிறகு, சக ஆண் வித்துவான்களுக்குச் சமமான சம்பளத்துக்காக மறுபடி வழக்காடினார். அதுவும் வென்று முடிந்தபோது 1993 ஆகியிருந்தது. அந்த ஆண்டிலேயே கோஷ்டியை விட்டு, ட்ராஸிங்கன் என்னும் சிற்றூரின் சங்கீதக் கல்லூரிக்கு டிராம்போன் ஆசிரியையாகப் போய்விட்டார்.